சேவல் கூவினால் கார்ப்பரேஷன் வருமா? – வாசகர் கேள்வி பதில்

கோழி வளர்ப்பு பற்றி வரும் கடிதங்களில் தீவனம், தடுப்பூசி எல்லாம் கொஞ்சம்தான், பக்கத்து வீட்டுப் பிரச்சினைதான் நிறைய. அதனால் இந்த முறை பக்கங்கள் முழுவதும் அதற்கே.

கேள்வி: எங்களுடையது ஜாகிர் அம்மாபாளையத்தில் சொந்த வீடு. பின்னால் ஒன்றரை சென்ட் காலி இடத்தில் ஆறு பெட்டைக் கோழியும் இரண்டு சேவலும் வளர்க்கிறேன், எல்லாம் சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழி ரகம். பக்கத்து வீட்டு அண்ணன் நைட் ஷிப்ட் முடித்து விடியற்காலையில் வந்து படுப்பவர். சேவல் சத்தம், நாற்றம், ஈ என்று கார்ப்பரேஷனில் மனு கொடுத்துவிட்டார். சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, ஒரு வாரத்தில் சரி செய்யச் சொல்லிவிட்டுப் போனார். ஊருக்குள் கோழி வளர்க்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறதா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: அம்மா, இன்ஸ்பெக்டர் கோழியை எடுக்கச் சொல்லவில்லை, சரி செய்யத்தான் சொல்லியிருக்கிறார். அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு இந்த ஒரு வாரத்தைச் சரியாகப் பயன்படுத்துங்கள்.

சட்டத்தைக் கேட்டீர்கள். 1939ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டத்தில் எவையெல்லாம் தொந்தரவு என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் வளர்ப்பு விலங்குகளும் வருகின்றன. ஆனால் வீட்டில் ஒரு பிராணி இருப்பதையே அந்தச் சட்டம் குற்றமாகப் பார்ப்பதில்லை, அதை எந்த இடத்தில், எந்த விதத்தில் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் பார்க்கிறது. ஆகவே எட்டுக் கோழியைச் சுத்தமாக வைத்திருப்பவர் நிம்மதியாக இருக்கலாம், மூன்று கோழியைச் சேற்றில் விட்டவருக்கு நோட்டீஸ் வரலாம். இது போக மாநகராட்சிக்கு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023இல் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளும் இருக்கின்றன. யாராவது "கோழிக்கெல்லாம் விதி இருக்கு" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் வாதம் செய்ய வேண்டாம். சூரமங்கலம் மண்டல அலுவலகத்தில், வீட்டுக்குக் கோழி வளர்க்க எந்த விதி, என்ன நிபந்தனை, உரிமம் வேண்டுமா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எழுத்தில் வரும் பதில் உங்களுக்கும் நல்லது, அந்த அண்ணனுக்கும் நல்லது.

குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளித்தான் கோழிப்பண்ணை இருக்க வேண்டும் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, அதை உங்களிடமும் யாராவது காட்டியிருப்பார்கள். அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வணிகப் பண்ணைகளுக்கு, அதாவது 5,000 கோழிக்கு மேல் வைத்திருப்பவர்களுக்குச் சொன்னது. நாமக்கல் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம், நீங்கள் படவேண்டாம்.

சரி, இப்போது சேவலுக்கு வருவோம், உங்கள் சண்டையில் முக்கால்வாசி அதுதான். பெட்டைக் கோழி முட்டையிட சேவல் தேவையே இல்லை. அடை வைத்துக் குஞ்சு பொரிக்க வேண்டுமானால்தான் சேவல், அதற்கும் எட்டு, பத்து பெட்டைக்கு ஒன்று போதும். உங்களிடம் ஆறு பெட்டைக்கு இரண்டு. இரண்டு சேவல் இருக்கும் இடத்தில் ஒன்று கூவியதும் மற்றது பதிலுக்குக் கூவும், பிறகு அது ஓயாது. ஒன்றை இந்த வாரமே ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புங்கள், அல்லது சந்தையில் கொடுத்துவிடுங்கள். குஞ்சு எடுக்கும் யோசனை இல்லையென்றால் இரண்டையும் அனுப்பிவிடுங்கள் என்றே சொல்வேன். பெட்டையும் முட்டையிட்டதும் கொக்கரிக்கும்தான், ஆனால் அது பகலில், சில நிமிடத்தில் அடங்கிவிடும், அதற்காக யாரும் மனு எழுதுவதில்லை.

கூண்டைச் சாக்கால் மூடி இருட்டாக்கினால் சேவல் கூவாது என்று பலர் நம்புகிறார்கள். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் சேவல்களை மாறாத மங்கல் வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்தார்கள், அப்போதும் அவை ஏறக்குறைய அதே நேரத்துக்குக் கூவின. நேரத்தை உடம்புக்குள்ளேயே வைத்திருக்கும் பிராணி அது. ஆகவே மூடினால் தெருவிளக்கைப் பார்த்தும் கார் வெளிச்சத்தைப் பார்த்தும் நடுராத்திரியில் கூவுவது குறையும், விடியற்காலைக் கூவல் நிற்காது. ஒரு சேவலை வைத்துத்தான் தீர வேண்டும் என்றால் ராத்திரி அதை நல்ல காற்றோட்டமுள்ள மரப்பெட்டியில் போட்டு, வீட்டுச் சுவருக்கு உங்கள் பக்கமாக வையுங்கள், ஆறரை மணிக்கு மேல் திறந்துவிடுங்கள். குடியிருப்புப் பகுதிக்கு அரசு வகுத்த ஒலி அளவு இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை 45 டெசிபல். பக்கத்தில் நின்று கேட்டால் ஒரு சேவலின் கூவல் 90 டெசிபலைத் தாண்டும். ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த மனிதருக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது நாற்றம். கோழி எச்சம் காய்ந்து கிடந்தால் அவ்வளவாக வாடை வராது, ஈரம் பட்டதும்தான் கிருமிகள் வேலை செய்து அமோனியா கிளம்புகிறது. ஆகவே தினம் பினாயில் ஊற்றிக் கழுவுவதுதான் இருப்பதிலேயே தவறான வழி, நம் வீடுகளில் எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். ஒரு கோழி ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராமுக்கு மேல் எச்சமிடும். எட்டுக் கோழிக்குத் தினம் ஒரு கிலோ பக்கம் வருகிறது, மாதத்துக்கு முப்பது கிலோ வரை. அதை ஈரமில்லாமல் வைப்பதுதான் காரியம். கூண்டுக்குள் நெல் உமியோ மரத்தூளோ கடலைத் தொலியோ மூன்று, நான்கு அங்குலத்துக்குப் பரப்பி, ஒருநாள் விட்டு ஒருநாள் கிளறி விடுங்கள். கட்டி தட்டிய இடத்தை மட்டும் அள்ளிவிட்டுப் புதிய உமி போடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வைத்தால் சிந்துவது பெரிதும் குறையும். ஈரமான எருவின் மேல் சுண்ணாம்பைக் கொட்டாதீர்கள், அமோனியா வாடை இன்னும் கூடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜவ்வரிசி ஆலைத் திப்பியை, அதாவது மரவள்ளிக்கிழங்குச் சக்கையை, ஈரத்தோடு வாங்கிவந்து தீவனமாக வைப்பதும் வேண்டாம், அது எப்படி நாறும் என்று சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஈ, முட்டையிலிருந்து புழுவாகி, கூடாகி, பறக்க நம் வெயிலில் ஏழிலிருந்து பத்து நாள் போதும். வாரம் இரண்டு முறை எச்சத்தை அள்ளி மூடிய தொட்டியில் போட்டுவிட்டால் அந்தச் சுற்று அறுந்துவிடும். அள்ளியதை இரண்டு, மூன்று மாதம் மட்கவைத்து கத்தரிக்கும் முருங்கைக்கும் போடுங்கள், பச்சையாகப் போட்டால் செடி கருகும்.

கூண்டு இப்போது எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் புகாரைப் பார்த்தால் அவர் படுக்கையறைப் பக்கச் சுவரை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. உங்கள் ஜன்னலுக்கடியில் வைக்க மனம் வராத கூண்டை அவர் ஜன்னலுக்கடியில் வைக்காதீர்கள். தகரமும் கம்பி வலையும் போட்டு நகர்த்தும்படி செய்துகொண்டால் இன்னும் நல்லது. பக்கவாட்டில் விட வேண்டிய காலி இடத்தில் சிமெண்டு வைத்துக் கட்டிவிட்டால் கோழிப் பிரச்சினை கட்டட விதிப் பிரச்சினையாக மாறிவிடும்.

இதையெல்லாம் செய்துவிட்டு அந்த அண்ணனிடம் போய்ப் பேசுங்கள். சாயங்காலம், அவர் தூங்கி எழுந்த பிறகு. முதல் தடவை முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், வாயடைக்க வந்தது போல இருக்கும். "அண்ணா, ஒரு சேவலை அனுப்பிட்டேன், கூண்டையும் தள்ளி வெச்சுட்டேன், இப்ப பரவாயில்லையா பாருங்க" என்று கேளுங்கள், அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். முட்டை அடுத்த மாதம் கொடுக்கலாம். அப்புறம், இன்ஸ்பெக்டரை நீங்களே கூப்பிட்டு மறுபடி பார்க்கச் சொல்லி, சரி செய்யப்பட்டது என்பதை மனுவிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாரும் கோழி வளர்ப்பவர் பக்கமே பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்து வீட்டில் முப்பது கோழி. கூண்டு எங்கள் சம்ப்பை (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) ஒட்டிய சுவரில். அம்மாவுக்கு வீசிங். சொன்னால், "நாங்க ஆசைக்கு வளக்கறோம், உங்களுக்கு என்ன" என்கிறார்கள். என்ன செய்ய?
– ஒரு வாசகர், அழகாபுரம்

பதில்: உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது சார், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. நெருக்கமான வீடுகளுக்கு நடுவில் முப்பது கோழி என்பது ஆசைக்கு வளர்ப்பதைத் தாண்டிவிட்டது. காய்ந்த எச்சத் தூளும் இறகுத் தூளும் மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு நிச்சயம் ஆகாது.

முதலில் அம்மாவையும் தண்ணீரையும் பாருங்கள். சம்ப் மூடி தரைமட்டத்துக்குச் சமமாக இருந்தால் நான்கு அங்குலமாவது தூக்கிக் கட்டி, ஓரத்தை அடைத்து, மழைத் தண்ணீர் இறங்காமல் செய்யுங்கள். தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதித்து வாங்குங்கள். கிருமி இருக்கிறது என்று அறிக்கை வந்தால் அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம். அம்மாவின் டாக்டரிடம் ஒரு சீட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு இன்னும் ஒரு தடவை நேரில் பேசிப் பாருங்கள், ஆனால் "எல்லாத்தையும் எடுங்க" என்று ஆரம்பிக்காமல், கூண்டை அந்தச் சுவரிலிருந்து நகர்த்த வேண்டும், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று இரண்டை மட்டும் கேளுங்கள். நடக்கவில்லையென்றால் மண்டல அலுவலகத்தில் தேதி, நேரம், போட்டோவோடு மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். 1100க்குப் போன் செய்து முதல்வரின் முகவரியிலும் பதியலாம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். தெருவே பாதிக்கப்படுகிறது என்றால் பொதுத் தொந்தரவை அகற்றக் கோட்டாட்சியர் உத்தரவு போட வழி இருக்கிறது, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133ஆவது பிரிவு என்று சொல்வோமே, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. உங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும்தான் தொல்லை என்றால் அது சிவில் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்கும் விஷயம். நாளாகும், செலவாகும், அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுக் கோழி எங்கள் கீரைப் பாத்தியைச் சீய்த்துவிடுகிறது. பிடித்துப் பட்டியில் அடைக்கலாமா?
– கன்னங்குறிச்சி

பதில்: பட்டியில் அடைப்பது 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, ஆடு, மாடு, பன்றி மாதிரியானவற்றுக்கு. கோழி அதில் இல்லை. பிடித்துவைத்துக்கொண்டால் சண்டைதான் மிஞ்சும். சிறுவிடை நன்றாகப் பறக்கும், ஐந்தடிச் சுவரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஒரு பக்க இறக்கையில் மட்டும் நீள இறகுகளின் நுனியைக் கத்தரித்துவிடச் சொல்லுங்கள், நகம் வெட்டுவது போலத்தான், வலிக்காது. சமநிலை கிடைக்காமல் சுவரேற முடியாது. இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும்போது மறுபடி வெட்ட வேண்டும். அதுவரை பாத்திக்கு மேல் பழைய வலையை விரித்து வையுங்கள்.

கேள்வி: சேவலைக் கொடுத்துவிடு என்று எளிதாகச் சொல்லிவிடுவீர்கள். எங்கள் சேவல் குலசாமிக்கு நேர்ந்து விட்டது. விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. ஆடி வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொன்னால் மாடிவீட்டுக்காரர்கள் கேட்கவில்லை.
– ஒரு வாசகி, குகை, சேலம்

பதில்: நேர்ந்துவிட்டதை விற்கச் சொல்லமாட்டேன் அம்மா. குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை வீடுகளில் ஆடிக்கு முன்னால் ஒரு சேவல் நிற்பது புதிதும் இல்லை. ஆனால் சாமிக்கு விட்டது உங்கள் வாசலிலேயேதான் நிற்க வேண்டும் என்று ஒன்றும் இல்லையே. பங்காளிகளில் யாராவது காட்டுப் பக்கம் இருந்தால் அங்கே விட்டு, திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் கொண்டுவாருங்கள். இனி அடுத்த தடவை நேர்வதானால் குஞ்சாக வாங்கி ஆறேழு மாதம் வீட்டில் வைத்திருக்காமல், விழா நெருங்கும்போது வளர்ந்ததாக வாங்கிக்கொள்ளலாம். மாடிவீட்டாரிடம் இன்ன தேதியோடு முடிந்துவிடும் என்று நாளைச் சொல்லுங்கள். முடிவு தெரியாத சத்தத்தைத்தான் பொறுக்க முடியாது.

கேள்வி: ஒரே ராத்திரியில் நான்கு கோழி செத்துவிட்டது. இரண்டு நாள் முன்னால்தான் பக்கத்துக் காட்டுக்காரரோடு வாய்த்தகராறு. விஷம் வைத்துவிட்டார், சந்தேகமே இல்லை. போலீசுக்குப் போகலாமா?
– ஒரு வாசகர், அயோத்தியாப்பட்டணம்

பதில்: விஷம் வைத்திருந்தால் அது சாதாரணக் குற்றம் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா 325ஆவது பிரிவில் பிராணியை விஷம் வைத்துக் கொல்வதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை. அதனாலேயே, தம்பி, ஒருவர் மேல் அந்தப் பழியைப் போடுவதற்கு முன்னால் நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி நன்றாக இருந்த கோழி காலையில் செத்துக் கிடப்பது வெள்ளைக்கழிச்சலிலும் நடக்கும், ஊர் ஊராக மொத்தக் கூட்டையும் காலி செய்யும் நோய் அது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்திருந்ததா, கழுத்து முறுக்கிக்கொண்டதா, வாயைத் திறந்து மூச்சு வாங்கியதா என்று மீதி இருக்கும் கோழிகளைப் பாருங்கள். தடுப்பூசி போட்டு எத்தனை நாளாயிற்று என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

செத்ததை ஓடையில் வீசவோ குப்பைத் தொட்டியில் போடவோ வேண்டாம், சமைக்கவும் கூடாது. வெறுங்கையால் தொடாமல் இரண்டு பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் வைத்து, கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப்போய்ப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். மாவட்டத்தில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது, அங்கே அனுப்பிவைப்பார்கள். பறவைக்காய்ச்சலாக இருந்தால் ஊருக்கே தெரிய வேண்டிய செய்தி என்பதாலும் இது அவசியம். விஷமாக இருக்கலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் அந்தச் சீட்டோடு ஸ்டேஷனுக்குப் போங்கள். நோய் என்றால் மீதிக் கோழிகளைத் தனியே பிரித்துவிட்டு, டாக்டர் சொல்கிறபடி செய்யுங்கள். இனி வாங்கும் குஞ்சுகளுக்கு 7ஆம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி என்று தவறாமல் போடுங்கள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் கால்நடைத் துறை இலவச முகாம் நடத்துகிறது.

கேள்வி: அஸ்தம்பட்டியில் வாடகை வீடு. மொட்டை மாடியில் நான்கு கோழி வைக்கலாமா?

பதில்: வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிக்காமல் வேண்டாம். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குப் பிறகு ஒப்பந்தத்தில் எழுதியதுதான் பேசும், வாய்ச் சம்மதம் அவர் மனம் மாறும் வரைக்கும்தான். சம்மதித்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும், சித்திரையில் சேலத்து மொட்டை மாடியில் தகரத்துக்கடியில் அது படும் பாட்டைப் பார்க்க முடியாது.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. அப்பா காலத்திலிருந்து கோழி வளர்க்கிறோம். பக்கத்தில் இப்போது ஹோம்ஸ்டே வந்திருக்கிறது. தங்க வருகிறவர்கள் சேவல் சத்தத்தில் தூக்கம் போகிறது என்று ஆன்லைனில் எழுதுகிறார்களாம், கோழியை எடுக்காவிட்டால் பஞ்சாயத்தில் புகார் என்று மிரட்டுகிறார் முதலாளி. முதலில் வந்தது நாங்கள்தானே?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: எனக்கு உங்கள் பக்கம்தான் மனம் சாய்கிறது. மலையில் காசு கொடுத்துத் தங்க வருகிறவர்கள் மலைவாசிகள் கோழி இல்லாமல் வாழ வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியே இல்லை. ஆனால் "நாங்கள்தான் முதலில் வந்தோம்" என்பதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அது உங்களுக்குச் சாதகமான விஷயம்தான், முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது. நாற்றமோ ஈயோ இருந்தால் எத்தனை வருடப் பழக்கமானாலும் அதிகாரி சுத்தம் செய்யத்தான் சொல்வார்.

புகார் போனால் ஊராட்சி அலுவலகத்திலிருந்தோ வட்டார வளர்ச்சி அலுவலகத்திலிருந்தோ வந்து பார்ப்பார்கள். வரட்டும். கூண்டு சுத்தமாக, சாக்கடை அவர்கள் பக்கம் ஓடாமல், தீவனம் எலி புகாத தகர டின்னில் இருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும், அதைச் சொல்லித்தான் பக்கத்தார் முதலில் புகார் எழுதுவார்கள். புதிதாகக் கல் கட்டி ஷெட் போடும் எண்ணம் இருந்தால் அனுமதி பற்றிக் கேட்காமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள். ஏற்காடு மலையிடப் பாதுகாப்பு விதிகளுக்குள் வருகிறது, அந்த முதலாளியும் அதை அறிந்திருப்பார். மரச்சட்டம், வலை, தகரம் போதும். மரநாய், காட்டுப்பூனை, கீரி வருமே என்று பொறி வைக்கவும் கூடாது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பெரிய வழக்கு. வலையை ஓரடி மண்ணுக்குள் புதைத்துவிட்டால் தோண்டி வராது.

சேவல் அடையும் இடத்தை ஹோம்ஸ்டே பக்கத்திலிருந்து தோட்டத்தின் மறுகோடிக்கு மாற்றுங்கள். சரிவுக்குக் கீழே, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வைத்தால் சத்தம் நிறையக் குறையும். மார்கழி, தை மாதக் குளிரில் குஞ்சுகளை அங்கே விட வேண்டாம், முதல் வாரத்தில் அவற்றுக்கு 35 டிகிரி சூடு வேண்டும், வீட்டை ஒட்டி பல்பு போட்டு வளர்த்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள்.

அப்புறம் முதலாளியை நேரில் பார்த்து, இடத்தை மாற்றியாயிற்று என்று சொல்லிவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கு முட்டை எங்கே வாங்குகிறார் என்று கேளுங்கள். தோட்டத்து நாட்டுக்கோழி முட்டை என்று அவர் தன் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொள்ளலாம், உங்களுக்கும் அடுத்த வீட்டிலேயே வாடிக்கை. விலையை மட்டும் முதல் நாளே பேசி முடித்துக்கொள்ளுங்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, புகார்தான் என்றால், இப்போதே கூண்டையும் வடிகாலையும் போட்டோ எடுத்து வைத்து, நீங்களே ஊராட்சிக்கு ஒரு மனுக் கொடுத்து, வந்து பார்த்து எழுத்தில் பதிவு செய்யுமாறு கேளுங்கள். சீசன் ஆரம்பிக்கும் முன்பே கொடுத்துவிடுங்கள், கோடை விழா வந்துவிட்டால் அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.